தலசீமியாக் காவிகளைக் கண்டறிதல்: உப்புநீர்ச் சோதனையிலிருந்து கணனி வரை ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு பெரும்பாலும் நோயாளரின் வரலாறாகவும் அவர்க்கு மருந்து கண்டோரின் வரலாறாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. நோய் எதுவுமின்றி வாழ்ந்து, தம் குருதியிலே ஒரு குறைபாட்டைச் சுமந்து, அதனை அறியாமலே தம் மக்களுக்கு வழங்கிச் செல்லும் மனிதர் அவ்வரலாற்றில் இடம்பெறுவது அரிது. இத்தகையோரைக் 'காவிகள்' என விஞ்ஞானிகள் அழைப்பர். காவியின் உடலிலே நோய்க்குறி எதுவும் புலப்படுவதில்லை. அவரது குருதியை எடுத்து அளந்தும் எண்ணியும் கணித்துமே அவரை இனங்காணல் வேண்டும். எனவே காவிகளின் வரலாறு அளவைக் கருவிகளின் வரலாற்றோடு பின்னிப் பிணைந்துள்ளது.

தலசீமியா எனப்படும் பரம்பரைக் குருதிச்சோகையை எடுத்துக்கொண்டு, அதன் காவிகளைக் கண்டறியும் முறைகள் உப்புநீர்ச் சோதனை தொடக்கம் கணனி வரை வளர்ந்தவாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது. கருவிகள் தலைமுறைக்குத் தலைமுறை திருந்தி வந்தமையை இவ்வரலாறு காட்டும். எனினும், ஏறத்தாழ ஒரே வகைக் கருவிகளைக் கையாண்ட நாடுகளுள் சில வெற்றி கண்டமையையும் வேறு சில மனிதரைப் புண்படுத்தியமையையும் அதே வரலாறு காட்டுகின்றது. இவ்வேறுபாடு எதனால் விளைந்தது என்பதே இங்கு எழும் வினாவாகும்.

நோயும் காவியும்

1925ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ரோயிற் நகரில் குழந்தை மருத்துவராக விளங்கிய தோமஸ் கூலி என்பவரும் அவருடன் பணியாற்றிய பேர்ள் லீ என்பவரும், கடுஞ்சோகையும் பெருத்த மண்ணீரலும் உருமாறிய முக எலும்புகளும் கொண்ட சில குழந்தைகளைப் பற்றி எழுதினர். இந்நோய் அங்கு குடியேறிய இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களிற் காணப்பட்டது. கடல் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லை அடியாகக் கொண்டு 1930களில் இதற்குத் 'தலசீமியா' என்ற பெயர் வழங்கலாயிற்று. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த மக்களின் நோய் என்ற கருத்து அப்பெயரில் அடங்கியுள்ளது. ஆயின் மத்திய கிழக்கு, இந்தியா, இலங்கை, தென்கிழக்காசியா ஆகிய பகுதிகளிலும் இந்நோய் பரவியிருத்தல் பின்னர் தெளிவாயிற்று.

குருதியிலே ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினின் ஒரு கூறு போதியளவு உருவாகாமையே இந்நோயின் அடிப்படையாகும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள பரம்பரையலகைப் பெற்ற குழந்தைக்கே கடுநோய் வாய்க்கின்றது. ஒருவரிடமிருந்து மாத்திரம் பெற்றவர் காவியாவர். அவர் ஏனையோரைப் போலவே வாழ்வார். காவிகள் இருவர் மணம் புரிவாராயின், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நான்கிலொரு பங்கு நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்புண்டு. காவியொருவர் காவியல்லாத ஒருவரை மணப்பின் கடுநோயுள்ள குழந்தை பிறப்பதில்லை. இவ்வெளிய உண்மை இக்கட்டுரையின் இறுதிவரை நினைவிற் கொள்ளத்தக்கது.

குறையுள்ள ஒரு பரம்பரையலகு இத்துணைப் பெருந்தொகையான மக்களிடம் நிலைத்தது எவ்வாறு? மலேரியா இதற்குக் காரணமாகலாம் என்ற கருத்தினை 1940களின் இறுதியில் ஜே. பி. எஸ். ஹோல்டேன் முன்வைத்தார். காவிகள் மலேரியாவினின்றும் ஓரளவு காக்கப்பெற்றமையால் அவர்தம் வழித்தோன்றல்கள் பெருகினர் என்பது அதன் சாரம். சாடீனியாத் தீவில் மலேரியா மிக்கிருந்த தாழ்நிலக் கிராமங்களிற் காவிகள் மிகுந்தும், மலைக்கிராமங்களிற் குறைந்தும் காணப்பட்டமை இக்கருத்துக்கு வலுவூட்டிற்று. பிற்காலத்தோர் 'கறை' எனக் கருதித் தலைகுனிய நேர்ந்த ஒன்று, முன்னோரைக் காத்த கவசமாக இருந்தமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்றெனலாம்.

உப்புநீர்ச் சோதனை

காவிகளை முறையாகத் தேடும் முயற்சி இத்தாலியிலே தொடங்கிற்று எனலாம். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டளவில், உரோமாபுரியைச் சேர்ந்த எசியோ சில்வெஸ்ற்றோனி, இடா பியாங்கோ என்னும் மருத்துவர் இருவர், நலமுடன் வாழும் சிலரின் செங்குழியங்கள் இயல்பிலும் சிறியனவாயும் உப்புக் குறைந்த நீரில் எளிதில் வெடிக்காதனவாயும் இருத்தலை அவதானித்தனர். சாதாரண செங்குழியம் அத்தகைய நீரை உறிஞ்சிப் பருத்து வெடித்துவிடும். காவியின் செங்குழியமோ தட்டையானதாகவும் உள்ளீடு குறைந்ததாகவும் இருத்தலால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். கூலி கண்ட நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் இருவரிடத்தும் இதே இயல்பு காணப்பட்டமையைப் பின்னர் இவ்விருவரும் நிறுவினர்.

இச்சோதனைக்கு வேண்டியவை சிறிது உப்பும் சில கண்ணாடிக் குழாய்களும் ஒரு நுணுக்குக்காட்டியுமே. இவற்றைக் கொண்டே போ நதி கடலொடு கலக்கும் பெராரா போன்ற பழைய மலேரியாப் பிரதேசங்களில் ஊரூராக மக்கள் பரிசோதிக்கப்பட்டனர். 1950களிற் காவிகளுக்கென ஆலோசனை நிலையங்கள் தோன்றின. 1975ஆம் ஆண்டு தொடக்கம் உரோமாபுரியை உள்ளடக்கிய இலாற்சியோ மாகாணப் பாடசாலை மாணவரிடையே பெரும் பரிசோதனைத் திட்டமொன்று நடைபெறலாயிற்று. நலமுடையோரைத் தேடிச்சென்று பரிசோதித்தல் என்ற எண்ணமே மருத்துவ உலகுக்குப் புதியதாக இருந்த காலமது என்பதை மறத்தலாகாது.

எண்ணும் இயந்திரம்

உப்புநீர்ச் சோதனை எளியதாயினும் கண்ணையும் கையையும் நம்பியிருந்தது. இந்நிலையை மாற்றியவர் சிக்காகோவைச் சேர்ந்த வொலஸ் கூல்ற்றர் ஆவார். மின்னைக் கடத்தும் திரவத்தில் மிதக்கும் செங்குழியங்கள் ஒரு நுண்துளையினூடாக ஒவ்வொன்றாகச் செல்கையில் மின்தடை கணப்பொழுது உயர்கின்றது. உயர்வுகளை எண்ணினாற் செங்குழியங்களின் தொகையும், உயர்வின் அளவை நோக்கினால் அவற்றின் பருமனும் தெரியவரும். 1953ஆம் ஆண்டு இதற்கு ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. 1968இல் வெளிவந்த அவரது நிறுவனத்தின் இயந்திரமொன்று ஒரே குருதி மாதிரியிலிருந்து ஏழு அளவைகளைத் தானாகவே தந்தது. மருத்துவர் தலசீமியாவைத் தேடாத வேளையிலும் அதன் தடயம் அறிக்கைத் தாளில் எண்களாக வந்து விழலாயிற்று.

ஆயின் இங்கு ஒரு சிக்கல் எழுந்தது. இரும்புச்சத்துக் குறைபாட்டினாலும் செங்குழியம் சிறுக்கும். வறிய நாடுகளில் இரும்புச்சத்துக் குறைந்தோர் பெருந்தொகையினராதலின், சிறுத்த செங்குழியத்தை மாத்திரம் கொண்டு காவியைத் தீர்மானித்தல் இயலாது. 1973ஆம் ஆண்டு இச்சிக்கலுக்குக் கணிதவழித் தீர்வுகள் இரண்டு வெளிவந்தன. இங்கிலண்ட், பிரேசர் என்னும் இருவர் சராசரிப் பருமன், செங்குழியத் தொகை, ஈமோகுளோபின் அளவு ஆகியவற்றை இணைத்து ஒரு சூத்திரத்தை அமைத்தனர். மென்ற்சர் என்பவர் அதனிலும் எளியதொரு வழியைக் கூறினார். செங்குழியத்தின் சராசரிப் பருமனைச் செங்குழியத் தொகையால் வகுக்கும்போது ஈவு 13இலும் குறையின் தலசீமியாக் காவியென்றும், மிகின் இரும்புச்சத்துக் குறைபாடென்றும் ஐயுறலாம் என்பதே அது.

இதன் தருக்கம் தெளிவானது. இரும்பு குறைந்தவரிடம் செங்குழியம் சிறுப்பதோடு தொகையும் குறைகின்றது. காவியின் உடலோ சிறிய செங்குழியங்களைப் பெருந்தொகையாக ஆக்கி ஈடுசெய்கின்றது. உதாரணமாக, சராசரிப் பருமன் 62 பெம்ரோலீற்றராகவும், செங்குழியத் தொகை கன மில்லிமீற்றருக்கு 58 இலட்சமாகவும் உள்ள ஒருவரின் ஈவு 62ஐ 5.8ஆல் வகுக்க வருவதாகும். அதாவது ஏறத்தாழ 10.7. பருமன் 70ஆகவும் தொகை 42 இலட்சமாகவும் உள்ள மற்றொருவரின் ஈவு ஏறத்தாழ 16.7. முன்னவர் காவியாக இருத்தல் கூடும். பின்னவர்க்கு முதலில் இரும்புச்சத்தே தேவைப்படலாம். பிற்காலத்துக் கணனி முறைகள் யாவும் இவ்வெளிய வகுத்தற் கணக்கின் விரிவுகளே எனின் அது மிகையாகாது.

எனினும் இவை ஐயத்தை எழுப்பும் கணக்குகளேயன்றி முடிவு கூறுவன அல்ல. ஈமோகுளோபின் ஏ2 என்னும் வகை காவிகளிடம் மிகுந்திருத்தல் 1950களிற் கண்டறியப்பட்டது. அதன் அளவு பொதுவாக 3.5 வீதத்தைத் தாண்டியிருத்தலே காவிநிலையை உறுதிசெய்யும் சான்றாகக் கொள்ளப்படுகின்றது.

புண்படுத்திய பரிசோதனைகள்

கருவி சரியான விடையைத் தந்தும் திட்டம் பிழைத்தமைக்கு இரு சான்றுகள் உள. அவை இரண்டும் தலசீமியாவுக்கு உறவான அரிவாளுருச் செங்குழியச் சோகை பற்றியவை.

முதலாவது கிரேக்க நாட்டின் ஓர்க்கொமெனொஸ் என்னும் ஊரில் நிகழ்ந்தது. அங்கு ஏறத்தாழ நால்வரில் ஒருவர் காவியாக இருந்தனர். 1960களில் ஊர்மக்கள் பரிசோதிக்கப்பட்டு, முடிவுகள் கூறப்பட்டு, காவிகள் காவிகளை மணத்தலால் வரும் இடர் விளக்கப்பட்டது. சில ஆண்டுகளின் பின் ஸ்ரமற்றோயனோபூலோஸ் என்னும் ஆய்வாளர் அதன் விளைவை ஆராய்ந்து 1974இல் வெளியிட்டார். காவிகள் ஊராரால் ஒதுக்கப்பட்டிருந்தனர். மணப்பேச்சின்போது சிலர் தம் நிலையை மறைத்தனர். காவிகள் இருவர் இணைந்த திருமணங்களோ, பரிசோதனையே நிகழாதிருப்பின் எவ்வளவு நடந்திருக்குமோ அவ்வளவே நடந்திருந்தன. அறிவு வழங்கப்பட்டது, இழிவும் பிறந்தது, பயன் மாத்திரம் விளையவில்லை.

இரண்டாவது அமெரிக்க ஐக்கிய நாட்டிலே நிகழ்ந்தது. 1970களின் தொடக்கத்திற் பல மாநிலங்கள் கறுப்பின மக்களைக் குறிவைத்துப் பரிசோதனையைச் சட்டத்தாற் கட்டாயமாக்கின. நோயாளிக்கும் காவிக்குமுள்ள வேறுபாட்டினைச் சில சட்டங்களே குழப்பிக் கூறின. பாடசாலையிற் சேரவரும் குழந்தையைப் பரிசோதிக்கும் ஏற்பாடுகளும் இருந்தன. அவ்வயதினர்க்கு அவ்வறிவால் என்ன பயன் என எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை. காவிகள் சிலர் தொழில்வாய்ப்பிலும் காப்புறுதியிலும் பாகுபாட்டுக்குள்ளாயினர். அந்நாட்டு விமானப்படைக் கல்லூரி காவிகளைச் சேர்த்துக்கொள்ள மறுத்த கொள்கையை 1981இலேயே கைவிட்டது. நோபல் பரிசு பெற்ற பேரறிஞர் லைனஸ் போலிங், காவிகளின் நெற்றியில் அடையாளம் பச்சை குத்தப்படலாம் என 1968இல் எழுதியமையும் அக்காலத்தின் மனப்பாங்கைக் காட்டும். நோயைத் தடுக்கும் நல்லெண்ணத்திலேயே அவர் அவ்வாறு எழுதினார். நல்லெண்ணம் மாத்திரம் மனிதரைக் காவாது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இரு தீவுகள்

இதே காலப்பகுதியில் மத்தியதரைக் கடலின் இரு தீவுகள் வேறொரு வழியைக் காட்டின.

சைப்பிரசுத் தீவில் ஏறத்தாழ எழுவரில் ஒருவர் தலசீமியாக் காவியாவர். மலேரியா 1940களின் இறுதியில் அங்கு ஒழிக்கப்பட்டபின், முன்னர் ஏனைய குழந்தை மரணங்களோடு கலந்து கவனிப்பாரின்றிப் போன இந்நோய் தனித்துத் தெரியலாயிற்று. குருதியேற்றலும், குருதியேற்றலால் உடலிற் சேரும் இரும்பை வெளியேற்றும் மருந்தும் குழந்தைகளின் ஆயுளை நீட்டின. நோயாளர் தொகை ஆண்டுதோறும் பெருகுமாயின், சின்னஞ்சிறு நாடொன்றின் குருதிவங்கியும் சுகாதார நிதியும் அதனைத் தாங்கா என்பது 1970களில் உணரப்பட்டது. இருக்கும் நோயாளர்க்குத் தக்க சிகிச்சை அளிக்க வேண்டுமாயின் புதிய பிறப்புக்கள் குறைதல் வேண்டும் என்ற முடிவுக்கு மருத்துவரும் பெற்றோர் சங்கங்களும் வந்தனர். நோயாளியின் நலனும் நோய்த்தடுப்பும் அங்கு ஒன்றையொன்று எதிர்க்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

1983ஆம் ஆண்டு தொடக்கம், மணம் புரிய விழைவோர் பரிசோதனைச் சான்றிதழ் கொணர வேண்டும் என அங்குள்ள கிரேக்க மரபுவழித் திருச்சபை கேட்கலாயிற்று. அச்சான்றிதழ் கூறியது யாது என்பதிலேதான் அத்திட்டத்தின் நுட்பம் அடங்கியுள்ளது. உரியவர் பரிசோதிக்கப்பட்டு ஆலோசனையும் பெற்றார் என்பதை மாத்திரமே அது கூறிற்று. முடிவு யாது என்பதைக் கூறவில்லை. குருவானவர்க்கோ சம்பந்தி வீட்டாருக்கோ அம்முடிவு தெரியவேண்டியதில்லை. மணத்தை நிறுத்தும் அதிகாரமும் எவர்க்கும் அளிக்கப்படவில்லை. காவிகள் இருவர் என அறிந்த இணையருட் பெரும்பாலோர் மணம் புரிந்தனர். பின் கருவிலேயே நோயைக் கண்டறியும் வசதியை நாடினர். 1980களின் இறுதியளவில் நோயுடன் பிறக்கும் குழந்தைகளின் தொகை பூச்சியத்தை அண்மித்தது.

சாடீனியாவில் எண்மரில் ஒருவரளவில் காவியாவர். கலியாரி நகரப் பேராசிரியர் அந்தோனியோ காவோவின் தலைமையில் 1970களின் நடுப்பகுதியில் அங்கு தொடங்கிய திட்டத்திற் கட்டாயம் எதுவும் இருக்கவில்லை. பரிசோதனைக்கு வரும் முன்னரே மக்கள் அதன் பொருளை அறிந்திருத்தல் வேண்டும் என்பது அதன் அடிப்படையாயிற்று. காவியென அறியப்பட்டவரின் உறவினரும் தேடிப் பரிசோதிக்கப்பட்டனர். 250 பிறப்புக்களுக்கு ஒன்றாக இருந்த நோய், காலப்போக்கில் 4,000 பிறப்புக்களுக்கு ஒன்றாகக் குறைந்தது. சைப்பிரசிற் சான்றிதழ் வேண்டப்பட்டது. சாடீனியாவில் விருப்பமே போதுமானதாயிற்று. வழிகள் வேறாயினும், பரிசோதனைக்கு முன் விளக்கம், பரிசோதனையின் பின் ஆலோசனை, முடிவுகளின் இரகசியம், முடிவெடுக்கும் உரிமை இணையரிடமே இருத்தல் ஆகியன இரண்டுக்கும் பொதுவானவை.

கணனியும் அதன் எல்லைகளும்

குருதி எண்ணும் இயந்திரத்தோடு கணனி இணைந்தபோது, 1973ஆம் ஆண்டின் சூத்திரங்கள் மனிதக் கணிப்பின்றியே அறிக்கையில் இடம்பெறுதல் இயல்வதாயிற்று. ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் இயந்திரங்களும் கணனியின் துணையோடு விரைவடைந்தன. பின்னர், ஆய்வாளர் வகுத்த சூத்திரத்தைக் கணனிக்கு ஊட்டுவதற்கு மாறாக, காவிகளினதும் காவியல்லாதோரினதும் அளவைகளை ஊட்டி, வேறுபாட்டைக் கணனியே கற்றுக்கொள்ளச் செய்யும் முயற்சிகள் எழுந்தன. மூளையின் நரம்புப் பின்னலை ஒத்த கணித அமைப்புக்களைக் கொண்டு தலசீமியாக் காவிகளை வகைப்படுத்திய ஆய்வொன்றைச் சாடீனியத் தீவின் ஆய்வாளர் 2003இல் வெளியிட்டனர். தாய்லாந்திலும் பிறநாடுகளிலும் இத்தகைய ஆய்வுகள் தொடர்ந்தன.

இம்முறைகள் செலவைக் குறைப்பன. சாதாரண குருதி எண்ணிக்கையிலிருந்தே ஐயத்துக்குரியோரைத் தெரிந்தெடுத்தால், விலையுயர்ந்த பரிசோதனைகளை அவர்க்கு மாத்திரம் நடத்தினாற் போதும். ஆயின் கணனி தான் கண்ட மக்களையே அறியும். ஒரு நாட்டு மக்களின் அளவைகளைக் கொண்டு பயின்ற முறை வேறொரு நாட்டிற் பிழைத்தல் கூடும். இரும்புச்சத்துக் குறைபாடும் காவிநிலையும் ஒருவரிடமே சேர்ந்திருப்பின் சூத்திரங்கள் தடுமாறும். ஈமோகுளோபின் ஈ என்னும் வகையைச் சுமப்போர் பலரின் செங்குழியப் பருமன் இயல்பை ஒட்டியே இருத்தலால், பருமனை மாத்திரம் நோக்கும் முறை அவர்களைத் தவறவிடும். கணனி தருவது ஒரு நிகழ்தகவு. அதனைத் தீர்ப்பாகக் கொள்ளுதல் கணனியின் பிழையன்று, அதனை வாசிப்போரின் பிழையேயாம்.

இலங்கையை நோக்கி

இலங்கையைப் பொறுத்தவரை இவை யாவும் தொலைநாட்டுச் செய்திகள் அல்ல. 2000ஆம் ஆண்டு 'லான்செற்' ஆய்விதழில் வெளிவந்த ஆய்வொன்று, நாட்டின் ஒன்பது வைத்தியசாலைகளில் 703 தலசீமியா நோயாளரையும், பல பகுதிகளைச் சேர்ந்த 1,600 பாடசாலை மாணவரையும் ஆராய்ந்தது. தலசீமியாவை விளைக்கும் பரம்பரையலகு மாற்றங்கள் 23 இனங்காணப்பட்டன. ஈமோகுளோபின் ஈயும் தலசீமியாவும் ஒருங்கே அமைந்த நோயாளரும் கணிசமான பங்கினராயிருந்தனர். எந்நேரத்திலும் சிகிச்சையை வேண்டி நிற்போர் தொகை 2,000ஐத் தாண்டும் எனவும் அவ்வாய்வு மதிப்பிட்டது. குருநாகல் நகரில் இந்நோய்க்கென ஒரு நிலையம் இயங்கி வருவதும் இளையோரிடையே காவிகளைக் கண்டறியும் முயற்சிகள் நடைபெற்று வருவதும் அறியத்தக்கன.

இங்குள்ள சூழல் சைப்பிரசினதும் சாடீனியாவினதும் சூழலினின்றும் ஒரு வகையில் அடிப்படையாக வேறுபட்டது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காத்தற்பொருட்டன்றி வேறெக்காரணத்தாலும் கருக்கலைப்பை அனுமதிப்பதில்லை. அதனால் அத்தீவுகளின் இணையர் நாடிய வழி இங்கில்லை. எஞ்சியிருப்பது மணத்துக்கு முன் அறிந்துகொள்ளலே. ஈரானும் 1997இல் நாடளாவிய திட்டத்தைத் தொடங்கியபோது இத்தகைய நிலையிலேயே இருந்தது. கருக்கலைப்புக்குச் சட்டம் வரையறையுடன் இடமளித்தது பின்னரேயாகும். அத்திட்டத்தில் முதலில் ஆணே பரிசோதிக்கப்பட்டான். அவனது செங்குழியம் சிறுத்திருப்பின் மாத்திரமே பெண் பரிசோதிக்கப்பட்டாள். இவ்வொழுங்கினாற் பெண்கள் பலர் பரிசோதனைக்குள்ளாகவேண்டிய தேவையே எழாதொழிந்தது.

திருமணம் குடும்பங்களாற் பேசி முடிக்கப்படும் சமூகத்தில் இது சிந்திக்கத்தக்கது. சாதகப் பொருத்தமும் குலமும் சீதனமும் ஆராயப்படும் இடத்திற் குருதி அறிக்கையும் வந்து சேருமாயின், காவிநிலை செவ்வாய்த் தோஷத்தைப் போல் மற்றுமொரு தோஷமாக மாறுதல் கூடும். அச்சுமை ஆணிலும் பெண்ணின்மீதே மிகுதியாக விழும் என்பதை ஊகித்தறிதல் கடினமன்று. 'பெண் காவியா?' எனத் தரகர் வினவுவாராயின் அவ்வினாவே பிழையானது. விஞ்ஞானம் எழுப்பும் வினா 'இருவரும் காவிகளா?' என்பதொன்றே. ஒருவர் மாத்திரம் காவியாயின் அம்மணத்துக்கு இதனால் ஊறில்லை. இவ்விரு வினாக்களுக்குமிடையே உள்ள தூரமே ஓர்க்கொமெனொஸ் ஊருக்கும் சைப்பிரசுத் தீவுக்குமிடையே உள்ள தூரமெனலாம்.

முடிவுரை

உப்புநீர்ச் சோதனை, எண்ணும் இயந்திரம், வகுத்தற் கணக்கு, கற்கும் கணனி என்றவாறு காவிகளைக் கண்டறியும் முறைகள் வளர்ந்து வந்துள்ளன. இவ்வளர்ச்சி போற்றத்தக்கது, அதனாற் சிற்றூர் வைத்தியசாலையும் பெருநகரின் அறிவைப் பெறுதல் இயலும். ஆயின் ஓர்க்கொமெனொஸ் ஊரார் பெற்ற விடைகள் சரியானவை; அவை அவர்க்கு உதவவில்லை. சைப்பிரசு மக்களுக்கும் சரியான விடைகளே கிடைத்தன. அவை அவர்க்கு உதவின. வேறுபட்டது, விடையை யார் அறிந்தனர், எவ்வயதில் அறிந்தனர், அறிந்தபின் அவர்க்குத் துணைநின்றோர் யாவர் என்பனவே.

இலங்கையிற் கணனியின் துணைகொண்டு காவிகளைத் தேடும் பணி விரிவடையும்போது, இயந்திரத்தைத் தெரிந்தெடுப்பதிற் காட்டப்படும் கவனம் ஆலோசகரைப் பயிற்றுவிப்பதிலும் காட்டப்படல் வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் இவ்வுண்மைகள் பாடசாலை மட்டத்திலேயே தெளிவாக எடுத்துரைக்கப்படல் வேண்டும். பரிசோதனையின் முடிவு உரியவர்க்கே உரியதாதல் வேண்டும். இப்பணி மருத்துவ பீடத்தினர்க்கு மாத்திரம் உரியதன்று. திருமண வழக்கங்களையும் சமூக நம்பிக்கைகளையும் மொழியையும் பயில்கின்ற கலைப்பீடத்தினர்க்கும் இதிற் பங்குண்டு. குருதியை எண்ணுதல் இயந்திரத்துக்கு இயலும். அவ்வெண் ஒரு குடும்பத்தின் வாசலை அடையும்போது எப்பொருளைப் பெறவேண்டும் என்பதைச் சமூகமே தீர்மானித்தல் வேண்டும்.